செயலியா, இணையதளமா? நம் வீட்டுக் கைப்பேசிக்கு எது ஏற்றது?

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "போன் ரொம்ப ஸ்லோவா இருக்கு பாய், என்னன்னு பாருங்க" என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார். கடைக்காரர் வாங்கித் திறந்து பார்த்தால் உள்ளே அறுபது, எழுபது செயலிகள் இருக்கும். மகன் போட்ட விளையாட்டு ஒன்று, மகளின் பள்ளிக்கூடச் செயலி ஒன்று, துபாயில் இருக்கும் மச்சான் அனுப்பிய பேசும் செயலி ஒன்று, தொழுகை நேரத்துக்கு மூன்று, எதற்கென்றே தெரியாத பத்து. வீட்டில் இருப்பது ஒரே போன். அதை நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்தால், அந்தச் செயலிகளில் பலவற்றின் வேலையை அதே நிறுவனத்தின் இணையதளமே செய்துவிடும். சில வேலைகளுக்குச் செயலி இல்லாமல் முடியவே முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போனில் இடமும் மிச்சம், மாத டேட்டாவும் மிச்சம். அதைவிட முக்கியமாக, நம் குடும்பத்தின் விவரங்கள் யார் யார் கைக்கோ போவதும் குறையும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இரண்டும் என்ன?

இணையதளம் என்பது கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது போல. குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, முகவரியைத் தட்டினால், அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் கணினியிலிருந்து நம் போனுக்கு வந்து சேரும். வேலை முடிந்து மூடிவிட்டால் போய்விடும். நம் போனில் பெரிதாக எதுவும் தங்காது.

செயலி என்பது அந்தக் கடைக்காரரையே வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தங்க வைப்பது போல. கூப்பிட்டவுடன் வருவார், வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் அறை அவருடையது ஆகிவிடும். நாம் தூங்கும்போதும் அவர் வீட்டில்தான் இருப்பார்.

முதல் ஐபோன் 2007-ல் வந்தபோது வெளியார் செயலிகளுக்கு அதில் இடமே கிடையாது. மற்ற நிறுவனங்கள் எதுவாக இருந்தாலும் இணையதளமாகவே செய்யட்டும் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அடுத்த ஆண்டு, 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அப்போது அதில் சுமார் 500 செயலிகள் இருந்தன. அதே ஆண்டு ஆண்ட்ராய்டுக்கும் அப்படி ஒரு சந்தை வந்தது. இன்று அதைத்தான் ப்ளே ஸ்டோர் என்கிறோம். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு செயலி என்று ஆகிவிட்டது.

சிக்னல் இல்லாத இடத்தில்

நம் மாவட்டத்தில் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நல்ல இடம் கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது போனில் உள்ள கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். சில வளைவுகளில் சுத்தமாக இருக்காது, திடீரென்று ஒரு மேட்டில் திரும்ப வரும்.

நாங்கள் குடும்பமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது இதைப் பார்த்தோம். பிரவுசரில் திறந்து வைத்திருந்த பக்கம் பாதியில் நின்றுவிட்டது. இன்னொருவரின் போனில் முன்பே இறக்கி வைத்திருந்த குர்ஆன் செயலி தடையில்லாமல் திறந்தது. எழுத்துகள் எல்லாம் போனிலேயே இருப்பதால் அதற்கு சிக்னல் தேவைப்படவில்லை. தொழுகை நேரமும் அப்படியே வந்தது. தொழுகை நேரம் என்பது சூரியனின் நிலையை வைத்து போடும் கணக்கு. ஊரும் தேதியும் தெரிந்தால் இணையம் இல்லாமலே போன் கணக்குப் போட்டுவிடும்.

ஆனால் இதில் ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. செயலி என்றால் இணையம் இல்லாமல் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே மலையில் ஒரு வங்கிச் செயலியைத் திறந்தோம். வெள்ளைத் திரை மட்டும் வந்து நின்றது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது போனில் இல்லை, வங்கியில் இருக்கிறது. அதற்குச் செயலியானாலும் இணையதளமானாலும் சிக்னல் வேண்டும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எனக்கு வேண்டிய விவரம் மாறாமல் இருப்பதா, நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதா? குர்ஆன், துஆ, பாடப்புத்தகம், ஏற்கெனவே எடுத்த டிக்கெட் போன்றவை மாறாதவை. இவற்றைச் செயலியிலோ போனில் சேமித்த கோப்பாகவோ வைத்துக்கொள்வது நல்லது. விலை, இருப்பு, விண்ணப்பத்தின் நிலை போன்றவை மாறுபவை. இவற்றுக்குச் செயலியால் பெரிய லாபம் இல்லை.

பாங்கும் கிப்லாவும்

செயலிக்கு உண்மையிலேயே பலம் உள்ள இடம், போனின் கருவிகளைப் பயன்படுத்தும் வேலைகள். போன் பூட்டியிருக்கும்போதும் சரியான நேரத்தில் பாங்கு ஒலிக்க வேண்டும் என்றால் அதற்குச் செயலிதான் சரி. இணையதளம், திறந்து வைத்திருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும்.

அப்படியும் சில போன்களில் பாங்கு ஒலிப்பதில்லை. பேட்டரியைச் சேமிக்க, பின்னணியில் இருக்கும் செயலிகளைப் போனே நிறுத்திவிடுவது இதற்குப் பொதுவான காரணம். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு அமைப்புகளை அவசியம் பார்க்க வேண்டும். ஒன்று, அஸர் நேரம். ஹனஃபி மத்ஹபுக்கும் ஷாஃபி மத்ஹபுக்கும் அஸர் தொடங்கும் நேரம் வேறு. செயலி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். இரண்டு, கணக்கிடும் முறை. முஸ்லிம் வேர்ல்ட் லீக், கராச்சி, உம்முல் குரா என்று பல முறைகள் உண்டு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இறங்கினால் இஷா என்பதில் இவை வேறுபடுகின்றன. உம்முல் குரா முறையில் மஃரிபுக்கு 90 நிமிடம் கழித்து இஷா என்பதே வழக்கம். நம் ஊர் அமைந்துள்ள இடத்தில் இந்த முறைகளுக்கு இடையே சில நிமிடங்கள் வித்தியாசம் வரும். அதனால் செயலியைப் போட்ட அன்றே நம் பள்ளிவாசலில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையோடு ஒப்பிட்டுச் சரி செய்துகொள்ள வேண்டும். நோன்பு வரும் வரை காத்திருக்கக் கூடாது.

கிப்லா விஷயத்தில் இணையதளமும் சளைத்ததல்ல. கூகுள் 2017-ல் கிப்லா காட்டும் ஒரு பக்கத்தை வெளியிட்டது. எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே அது வேலை செய்தது. இடத்தை அறியவும், திசைமானியைப் படிக்கவும் இன்றைய பிரவுசர்களுக்கும் முடியும். நம்மிடம் அனுமதி கேட்டுச் செய்யும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 20 பாகை சாய்ந்து இருக்கிறது. உங்கள் போன் இதைவிட்டு வெகுவாக விலகிக் காட்டினால், குறை செயலியில் இருக்க வேண்டும் என்பதில்லை. இரும்பு பீரோ, பைக், காந்தம் வைத்த போன் உறை ஆகியவை பக்கத்தில் இருந்தால் திசைமானி தடுமாறும். உறையைக் கழற்றிவிட்டு, போனை எட்டு என்ற எண்ணின் வடிவில் காற்றில் இரண்டு மூன்று முறை சுழற்றினால் சரியாகிவிடும். செயலியை மாற்றிப் பயனில்லை, எல்லாச் செயலிகளும் படிப்பது அதே திசைமானியைத்தான்.

அரசு வேலைகளுக்கு

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் விழுப்புரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இன்று பாதி வேலை கையில் இருக்கும் போனிலேயே முடிகிறது. இங்குதான் செயலியா இணையதளமா என்ற கேள்வி நம் நேரத்தையும் பணத்தையும் நேரடியாகத் தொடுகிறது.

ஆவணங்களை வைத்துக்கொள்ள டிஜிலாக்கர் செயலி நல்லது. 2015-ல் தொடங்கப்பட்ட இதில் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்று போன்றவற்றை வைத்துக் காட்டலாம். அடிக்கடி தேவைப்படும், அவசரத்தில் திறக்க வேண்டியிருக்கும், எனவே போனில் இடம் கொடுக்கத் தகுந்தது.

மத்திய அரசின் பல துறைச் சேவைகளை ஒன்றாகச் சேர்த்த உமங் 2017 நவம்பரில் வந்தது. பத்துத் துறைகளுக்குப் பத்துச் செயலி போடாமல் ஒன்றில் முடிக்கலாம் என்பது அதன் நன்மை. அதற்கு இணையதளமும் உண்டு. வருடத்தில் ஒருமுறை பி.எஃப். கணக்கு பார்ப்பவருக்கு இணையதளமே போதும்.

ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, வருமானச் சான்று, சாதிச் சான்று கேட்க விண்ணப்பிப்பது வேறு வகை வேலை. நீளமான படிவம், பல ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும், கோப்பின் அளவுக்கு வரம்பு உண்டு. இப்படிப்பட்ட தளங்களில் சில, பெரிய கணினித் திரையை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. போனில் திறந்தால் எழுத்து கடுகாகத் தெரியும். பெரிதாக்கினால் பக்கம் இடமும் வலமும் ஓடும். ஓ.டி.பி. பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பி வந்தால், நிரப்பியது எல்லாம் அழிந்து பக்கம் புதிதாக நிற்கும். பழைய போன்களில் நினைவகம் குறைவு என்பதால், பிரவுசரை விட்டு வெளியே போனதும் போன் அந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சிறிய வழி உண்டு. ஓ.டி.பி. வரும்போது மெசேஜைத் திறக்காதீர்கள். திரையின் மேலே தோன்றும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். அல்லது ஓ.டி.பி. வரும் எண் வீட்டில் வேறு ஒரு போனில் இருந்தால் இன்னும் வசதி. நீளமான படிவம் என்றால், ஆவணங்களை முன்பே போட்டோ எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு இ-சேவை மையத்திலோ கணினி உள்ள இடத்திலோ உட்கார்ந்து முடிப்பதே மேல். போனில் மூன்று முறை தோற்று, கடைசித் தேதியைத் தவறவிடுவதைவிட அது லாபம்.

சில வேலைகள் இரண்டையும் கேட்கும். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கான தேசிய இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்யும்போது, முகத்தைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்யத் தனிச் செயலி தேவைப்படுகிறது. இணையதளத்தில் பாதி, செயலியில் பாதி என்று வேலை நடக்கும். கடைசி நாளில் உட்கார்ந்தால் இங்குதான் சிக்குவோம். இந்தச் செயலிகளை வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம், தவறில்லை.

ஹஜ் பயணத்துக்கும் இதே நிலை. இந்திய ஹஜ் கமிட்டிக்கு இணையதளம் உண்டு. 2024 மார்ச்சில் ஹஜ் சுவிதா என்ற செயலியும் வந்தது. மக்காவிலும் மதீனாவிலும் இருக்கும்போது இடம், தங்குமிடம், உதவி என்று உடனுக்குடன் தேவைப்படும் விஷயங்களுக்குச் செயலி பயன்படும். மதீனாவில் ரவ்ளாவுக்குள் செல்ல அனுமதி பெறுவது சவூதி அரசின் நுசுக் செயலி வழியாகத்தான். எனவே உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ கிளம்பும் அத்தா, அம்மாவுக்கு விமான நிலையத்தில் வைத்து இவற்றைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே போனில் போட்டு, தினமும் ஒருமுறை அவர்கள் கையாலேயே திறந்து பழக விட வேண்டும்.

கடைகள் கற்ற பாடம்

மக்களைச் செயலிக்குள் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் வியாபார நிறுவனங்கள் மிகவும் ஆசைப்பட்டன. துணி விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் தன் இணையதளத்தையே மூடிவிட்டு, இனிமேல் செயலியில் மட்டும்தான் வியாபாரம் என்று அறிவித்தது. ஆனால் எல்லோரும் அந்த வழிக்கு வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் மொபைல் தளத்தையும், 2016 ஜூனில் கணினித் தளத்தையும் மீண்டும் திறந்தது.

அதே 2015-ல் ஃபிளிப்கார்ட் வேறு வழியில் போனது. ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில், பிரவுசரில் திறந்தாலும் செயலி போலவே ஓடும் தளத்தை நவம்பரில் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ட்விட்டரும் ட்விட்டர் லைட் என்று இதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. பல எம்.பி. அளவுள்ள செயலிக்குப் பதிலாக, போனில் ஒரு எம்.பி.க்கும் குறைவான இடமே அதற்குப் போதுமாக இருந்தது.

இந்த நடுவழி நமக்கும் பயன்படும். அடிக்கடி பார்க்கும் இணையதளத்தை குரோமில் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், முகப்புத் திரையில் சேர்க்கும் வசதி இருக்கும். அதைத் தொட்டால் செயலி போலவே ஒரு சின்னம் திரையில் வந்துவிடும். ஐபோனில் சஃபாரியின் பகிர்வு பொத்தானில் இதே வசதி இருக்கிறது. பெரியவர்களுக்கு இது மிகவும் உதவும். முகவரி தட்டத் தெரியாத அம்மாவுக்கு, ஒரு சின்னத்தைத் தொட்டால் செய்திப் பக்கம் திறக்கும். போனில் இடமும் அடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையதளத்தில் எழுத்தைப் பெரிதாக்குவது எளிது. பிரவுசர் அமைப்பில் ஒருமுறை மாற்றிவிட்டால் பெரும்பாலான தளங்களில் பெரிதாகவே வரும். பல செயலிகளில் எழுத்து அளவு அவர்கள் வைத்ததுதான். கண் மங்கிய பெரியவர்கள் உள்ள வீட்டில் இதுவும் ஒரு கணக்கு.

நம் விவரங்கள் எங்கே போகின்றன?

வசதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நம் சமுதாயம் மறக்கக் கூடாத ஒரு சம்பவம் இருக்கிறது.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு செய்தித் தளம் ஒரு விசாரணையை வெளியிட்டது. உலகம் முழுவதும் பல கோடி முறை பதிவிறக்கப்பட்ட முஸ்லிம் புரோ என்ற தொழுகை நேரச் செயலியிலிருந்து, அதைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனது. அந்தத் தரகு நிறுவனம் அத்தகைய விவரங்களை விற்றவர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள். ராணுவத்துக்கு நாங்கள் நேரடியாக எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடனான உறவையும் முறித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரல் உள்ள செயலிகள் அதை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், மக்கள் வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் செல்வதைக் காட்டும் விவரங்களை அந்த நிறுவனம் விற்கத் தடை விதித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எந்த ஒரு நிறுவனத்தின் பெயரையும் அல்ல, அது நடந்த வழியைத்தான். தொழுகை நேரம் பார்க்க இடம் தெரிய வேண்டும் என்று செயலி கேட்டது நியாயமே. நாமும் அனுமதி கொடுத்தோம். ஆனால் செயலி பின்னணியில் ஓடும். நாம் கடைக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும், மருத்துவமனைக்குப் போனாலும் அது உடன் வரும். இணையதளத்துக்கு இந்த வசதி கிடையாது. பக்கம் திறந்திருக்கும்போது, நாம் அனுமதித்தால் மட்டும் இடத்தைப் பார்க்கும். மூடிவிட்டால் அதோடு முடிந்தது. நம் போனில் உள்ள எல்லாருடைய எண்களையும் படங்களையும் அது தானாக எடுக்கவும் முடியாது. இணையதளங்களும் நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று பின்தொடர்வது உண்டு, ஆனால் அவை எட்டும் தூரம் குறைவு.

தொழுகை நேரத்துக்கு நாம் நிற்கும் தெருவே தெரிய வேண்டியதில்லை, ஊர் தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இடத்துக்குப் பதிலாக ஏறத்தாழ இடத்தை மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதைவிட நல்லது, இட அனுமதியை முழுவதும் மறுத்துவிட்டு, ஊர்ப் பட்டியலில் கள்ளக்குறிச்சி என்று நாமே தேர்ந்தெடுத்துவிடுவது. பல செயலிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன.

அடுத்தது கடன் செயலிகள். ஐந்து நிமிடத்தில் பணம் என்று சொல்லி, தொடர்பு எண்களுக்கும் படங்களுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்தும் கும்பல்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். வட்டி என்ற காரணத்துக்காகவே நாம் விலகி நிற்க வேண்டிய இடம் அது. அதற்கு மேல் இந்த ஆபத்தும் இருக்கிறது. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்கள், கோப்புகள், அழைப்பு விவரங்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. கேட்கிறது என்றாலே அது விதியை மீறும் செயலி என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், உதவித்தொகைப் பட்டியல் என்று எந்தப் பெயரிலும் வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப்.பாகவோ வரும். ஏபிகே என்று முடியும் கோப்பு, ப்ளே ஸ்டோரைத் தாண்டி நேராக வீட்டுக்குள் நுழையும் ஒரு செயலி. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடக் கூடாது. அவர் போனே ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இணையதளத்திலும் போலிகள் உண்டு. முகவரியின் முடிவைப் பார்ப்பதுதான் வழி. அரசுத் தளங்கள் ஜி.ஓ.வி. புள்ளி இன் அல்லது என்.ஐ.சி. புள்ளி இன் என்று முடியும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் புள்ளி இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கூகுளில் தேடும்போது மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், அதனால் முகவரியைப் படிக்காமல் தொடாதீர்கள்.

நம் போனில் இருக்கும் எண்களும் படங்களும் நம்முடையவை மட்டும் அல்ல. சகோதரியின் படம், மருமகளின் எண், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த அமானிதம் அது. ஒரு விளையாட்டுச் செயலிக்காக அதை யாரிடமோ நீட்டிவிடும் உரிமை நமக்கு இல்லை.

நம் ஜமாஅத்துக்கு ஒரு செயலி வேண்டுமா?

இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் ஆர்வத்தோடு முன்வந்து, நம் பள்ளிவாசலுக்கு, நம் மதரஸாவுக்கு ஒரு செயலி செய்யலாம் என்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

செயலி என்றால் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்டோருக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. போன்களின் மென்பொருள் மாறும்போதெல்லாம் செயலியையும் புதுப்பிக்க வேண்டும். செய்து கொடுத்த தம்பி வேலைக்கு வெளிநாடு போய்விட்டால் அது அப்படியே நின்றுவிடும். இவ்வளவுக்கும் பிறகு, ஊர் மக்கள் அதை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ஜமாஅத் அறிவிப்பு, ஜனாஸா செய்தி, நோன்பு அட்டவணை, மக்தப் நேரம் ஆகியவற்றுக்கு எளிய மொபைல் தளம் ஒன்று போதும். அதன் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் திறந்து பார்ப்பார்கள். எழுத்து அதிகமாக, படம் குறைவாக, தமிழில், பெரிய பொத்தான்களோடு இருந்தால் மலையடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலிலும் திறக்கும். செயலிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் மிச்சத்தை மதரஸா பிள்ளைகளுக்குச் செலவிடலாம்.

வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய

ஒவ்வொரு செயலிக்கும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. வாரத்தில் மூன்று முறையாவது திறக்கிறோமா? இல்லை என்றால் இணையதளம் போதும்.

2. சிக்னல் இல்லாத இடத்தில் இது தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் செயலி. அது இணையம் இல்லாமல் உண்மையிலேயே திறக்கிறதா என்று வீட்டிலேயே டேட்டாவை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

3. குறித்த நேரத்தில் அது நம்மைக் கூப்பிட வேண்டுமா? பாங்கு, மருந்து நேரம், வங்கித் தகவல் போன்றவற்றுக்குச் செயலி. துணிக்கடை நம்மைக் கூப்பிடத் தேவையில்லை.

4. கேமரா, திசைமானி, கைரேகை போன்றவை அதற்கு வேண்டுமா? வேண்டும் என்றால் செயலியே வசதி.

5. செய்யும் வேலைக்குச் சம்பந்தமில்லாத அனுமதியைக் கேட்கிறதா? டார்ச் லைட் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால், யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். போனை நடுவில் வைத்து, செயலிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைப்பது எது, முகப்புத் திரைச் சின்னமாக மாற்றுவது எது, நீக்குவது எது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்கு எப்படி என்று தெரியும். ஏன் என்பதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் அனுமதிகள் பகுதிக்குப் போய், இடம், தொடர்பு எண்கள், மைக், கேமரா ஆகிய நான்கையும் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதே போதும்.

ஒரு மணி நேர வேலை. முடிந்ததும் போன் கொஞ்சம் வேகமாக ஓடும். வீட்டு விவரங்களும், நம்மை நம்பியவர்களின் விவரங்களும் முன்பைவிடப் பத்திரமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.